வாரம் ஒருநாள் 'சீட் டே': எடைக்குறைப்புக்கு உதவியா, தடையா?

படிக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எடையைக் குறைப்பதற்காகச் சில மாதங்களாக உணவைக் கட்டுப்படுத்தி வருகிறேன். வாரத்தில் ஆறு நாள்கள் அளந்து, எழுதிவைத்துச் சாப்பிடுகிறேன். ஏழாம் நாள் எந்தக் கணக்கும் வைத்துக்கொள்ளாமல் விரும்பியதை விரும்பிய அளவுக்குச் சாப்பிடுகிறேன். உடற்பயிற்சிக்கூடத்தில் இதைச் 'சீட் டே' என்கிறார்கள். அப்படி ஒரு நாள் இல்லாவிட்டால் உடல் பட்டினிக்குப் பழகிக் கொழுப்பை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் என்றும், ஒரு நாள் நிறையச் சாப்பிட்டால்தான் வளர்சிதை மாற்றம் மறுபடியும் வேகமெடுக்கும் என்றும் அங்கே பயிற்சியாளர் முதல் பக்கத்தில் ஓடுபவர் வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

தொடக்கத்தில் எடை நன்றாகவே இறங்கியது. இப்போது பல வாரங்களாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த நாளுக்கு மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. மோதிரம் விரலில் இறுகுகிறது. காலுறை போட்ட இடத்தில் தடம் பதிகிறது. அது மெல்ல வடிந்து பழைய எண்ணுக்கு வருவதற்குள் அடுத்த ஏழாம் நாள் வந்துவிடுகிறது. அந்த நாள்தான் தடையா, அல்லது அந்த நாள் இருப்பதால்தான் மற்ற ஆறு நாள்களும் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று எனக்கே விளங்கவில்லை. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ எனக்கு இல்லை. ஊக்கமூட்டும் சொற்களைவிடக் காரணங்களோடு கூடிய கருத்துகளே எனக்கு இப்போது உதவும்.

தராசு

காரணம் பெரும்பாலும் கூட்டல் கழித்தலிலேயே கிடைத்துவிடும். உங்கள் எண்களை நீங்கள் தரவில்லை என்பதால் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக்காட்டுகிறேன். உங்கள் எண்களை இட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரின் உடல் நாளொன்றுக்கு 2200 கலோரி செலவிடுகிறது, அவர் 1700 சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500 வீதம் ஆறு நாள்களில் 3000 கலோரி பற்றாக்குறை. ஏழாம் நாள் அவர் 4500 சாப்பிட்டால் 2300 மிகை. ஆக, வாரத்தின் நிகரப் பற்றாக்குறை 700 மட்டுமே. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரிக்குச் சமம் என்ற வழக்கமான கணக்கின்படி, ஒரு கிலோ கரைய 11 வாரங்கள் ஆகும். அந்தக் குறைவு, தண்ணீரால் ஏறி இறங்கும் எடைக்குள் மறைந்துபோகும் அளவுக்குச் சிறியது.

4500 என்பது பெருந்தீனி போலத் தோன்றலாம். ஆனால் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மதுவில் 7, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 என்பதை நினைவில் கொண்டால், பொரித்தது, கேக், ஐஸ்கிரீம், இனிப்புப் பானம் ஆகியவை ஒரே நாளில் சேரும்போது வயிறு முட்டுவதற்கு முன்பே அந்த எண்ணை எட்டிவிடலாம் என்பது புரியும்.

தொடக்கத்தில் இறங்கிய எடை இப்போது நிற்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. அதே மனிதரின் செலவு 2050 ஆக இறங்கிவிட்டது, உணவோ பழைய அளவிலேயே தொடர்கிறது என்றால், ஆறு நாள்களின் பற்றாக்குறை 2100. ஏழாம் நாளின் மிகை 2450. இப்போது வாரக் கணக்கு மிகையில் முடிகிறது. ஆறு நாள்களும் அவர் ஒழுங்காகத்தான் இருக்கிறார், ஏழாம் நாளும் முன்பு சாப்பிட்டதையேதான் சாப்பிடுகிறார், ஆனாலும் எடை குறைவது நின்றுவிட்டது. அவரைக் கேட்டால் "எதையும் மாற்றவில்லையே" என்பார், அது உண்மையும்கூட.

மறுநாள் காலையில் கூடும் ஒன்றரைக் கிலோவைக் கண்டு கலங்க வேண்டாம். அது முழுவதும் கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால் செலவுக்கு மேல் 11,550 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்கிறது. உப்பு தன் பங்குக்கு நீரைப் பிடித்துவைக்கிறது. குடலில் இன்னும் கடக்காத உணவின் எடையும் இருக்கிறது. உங்கள் மோதிரம் இறுகுவது இந்த நீரால்தான்.

நள்ளிரவு

தராசு அவர்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு, ஏழாம் நாளை எடுத்துவிட்டாலும் மற்ற ஆறு நாள்கள் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. என் அனுபவத்தில் அவை அப்படி இருப்பதில்லை. விலக்கே இல்லாத கட்டுப்பாட்டை நான் கடைப்பிடித்த காலங்களில் மூன்றாம் வாரத்துக்குள் முழுவதையும் கைவிட்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் நிலைத்து நிற்க முடிந்தது. புதன்கிழமை மாலை அலுவலகத்தில் யாரோ கேக் வெட்டும்போது "வேண்டாம்" என்று சொல்வது கடினம். "சனிக்கிழமை சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வது எளிது. இந்த வேறுபாட்டைக் கலோரியில் அளக்க முடியாது.

கைக்குறிப்பு

உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். வளர்சிதை மாற்றம் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் இதில் பாதி உண்மை இருக்கிறது, பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட நீண்ட நாள் வாழ்கிறது.

உணவைக் குறைத்தால் உடலின் ஆற்றல் செலவு, இழந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறைகிறது என்பது உண்மை. இதில் பங்குள்ள ஹார்மோன்களில் ஒன்று லெப்டின். 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அதற்கான மரபணுவைக் கண்டறிந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் இந்த லெப்டின், உணவு குறைந்த சில நாள்களிலேயே, கொழுப்பு கரையும் வேகத்தை மிஞ்சி இறங்கிவிடுகிறது, பசி கூடுகிறது. அதிகம் சாப்பிட்டால் அது ஏறவும் செய்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூன்று நாள்கள் தொடர்ந்து மாவுச்சத்தை மிகையாக உண்ட பெண்களுக்கு லெப்டின் 28 விழுக்காடும் ஆற்றல் செலவு 7 விழுக்காடும் உயர்ந்தன. கொழுப்பை மிகையாக உண்டபோது அப்படி எதுவும் நிகழவில்லை. உடற்பயிற்சிக்கூடங்களில் சொல்லப்படும் கதைக்கு இதைப் போன்ற ஆய்வுகளே அடித்தளம்.

இப்போது அந்த 7 விழுக்காட்டை 2200 கலோரிமேல் வைத்துப் பாருங்கள்: 154 கலோரி. அதைப் பெறுவதற்காக ஒரே நாளில் 2300 கலோரி மிகையாகச் சாப்பிடுவதை எந்தக் கணக்கும் ஏற்காது. மேலும் மறுநாள் பற்றாக்குறைக்குத் திரும்பியதும் லெப்டின் மறுபடியும் இறங்கிவிடும்.

"உடல் பட்டினி நிலைக்குப் போய்க் கொழுப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்" என்பதற்கு மாறான சான்று நெடுநாள்களாகவே இருக்கிறது. 1944-45இல் ஆன்செல் கீஸ் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 தன்னார்வலர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுடைய ஆற்றல் செலவு வெகுவாகக் குறைந்தது. உடல் குளிர்ந்தது, சோர்ந்தது, உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஏறத்தாழக் கால் பங்கு எடையை இழந்தார்கள். கொழுப்பு கரைவது எந்தக் கட்டத்திலும் பூட்டப்படவில்லை. அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அவர்களில் பலர் வயிறு நிறைந்தும் பசி தீராமல் சாப்பிட்டார்கள். நீண்ட, கடுமையான கட்டுப்பாட்டுக்குப் பின் வரும் பெரும்பசி மனவுறுதிக் குறைவின் அடையாளமல்ல; உடலின் இயல்பான எதிர்வினை.

ஆகவே என்னிடம் வருபவர் "சீட் டே இல்லாமல் முடியாது" என்று சொன்னால், நான் ஏழாம் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாள்களின் குறிப்பேட்டைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறேன். ஏறக்குறைய எல்லாக் குறிப்பேடுகளும் ஒரே மாதிரி இருக்கும். ஆறு பக்கங்களில் நுணுக்கமான எழுத்து: ஒரு முட்டை, அரை ஆப்பிள், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, மாலை நாலரைக்குச் சர்க்கரையில்லாத் தேநீர். ஏழாம் பக்கம் வெறுமையாக இருக்கும். சில வேளைகளில் நடுவில் ஒரு கோடு மட்டும். அந்த ஆறு பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் அவர் உடல் கேட்பதைவிட 900, 1000 கலோரி குறைவாக இருக்கும். அப்படிச் சாப்பிடுகிறவருக்கு ஏழாம் நாள் தேவைப்படாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

இரும்பு

பளுப்பயிற்சி செய்பவன் என்ற முறையில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களிடையே 'ரீஃபீட்' என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதையும் சீட் டேயையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ரீஃபீட் நாளில் உடல் செலவிடும் அளவுக்குச் சாப்பிடுவோம், அதற்கு மேல் போவதில்லை. கூடுதலாகச் சேர்ப்பது மாவுச்சத்து மட்டுமே. கொழுப்பு கூடாது, புரதம் குறையாது. கால்களுக்கான கடினமான பயிற்சி வரும் நாளுக்கு முந்தைய நாளோ அதே நாளோ அதை வைத்துக்கொள்கிறேன். பயிற்சியில் வலு தெரிகிறது.

2020இல் வெளியான ஓர் ஆய்வில், பளுப்பயிற்சி செய்பவர்கள் ஏழு வாரங்கள் இரு பிரிவாக உணவைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் எல்லா நாள்களிலும் சமமாகக் குறைத்தார்கள். மற்றவர்கள் ஐந்து நாள்கள் அதிகமாகக் குறைத்து, இரண்டு நாள்கள் செலவுக்கு ஈடாகச் சாப்பிட்டார்கள். இரண்டாம் பிரிவினருக்குக் கொழுப்பல்லாத உடல் எடை கூடுதலாகத் தங்கியது. தசையோடு சேர்ந்த நீரும் அந்த அளவீட்டில் கொழுப்பல்லாததாகவே கணக்காகும் என்பதால் நான் அதை முழு வெற்றியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாரத்தின் மொத்தம் இரு பிரிவினருக்கும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். தளர்வான நாள்களின் செலவை இறுக்கமான நாள்கள் ஏற்றுக்கொண்டன.

ஓரத்தில்

நான் இங்கே எழுதுவது அரிது. இந்த இழையில் இதுவரை எல்லோரும் கலோரியைப் பற்றியே பேசியதால் எழுதுகிறேன்.

ஏழாம் நாளின் இரவு ஒன்பது மணிக்கு மேல் என்ன நடக்கும் என்பது அதில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். வயிறு அப்போதே வலிக்கத் தொடங்கியிருக்கும். பசி மாலையிலேயே போயிருக்கும், சுவையும் போயிருக்கும். ஆனால் நள்ளிரவோடு அனுமதி முடிகிறது. நாளை முதல் ஆறு நாள்களுக்கு இது கிடையாது. அதனால் சமையலறையில், தட்டுகூட எடுக்காமல், குளிர்பெட்டியின் கதவைத் திறந்துவைத்தபடி நின்றுகொண்டே, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத இனிப்பையும் தீர்த்துவிடுவேன். மீதம் வைத்தால் நாளை கண்ணில் படும் என்பது அதற்கு நான் வைத்திருந்த நியாயம். மறுநாள் காலையில் உணவைத் தவிர்ப்பேன், அதற்கு மறுநாள் பாதியாகக் குறைப்பேன். வெளியிலிருந்து பார்த்தவர்கள் என்னைக் கட்டுப்பாடு மிக்கவர் என்று பாராட்டினார்கள்.

அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். குறுகிய நேரத்தில் மிகப்பெரிய அளவில் சாப்பிடுவது, அப்போது நிறுத்த முடியாமல் கட்டுப்பாடு கைநழுவியதாக உணர்வது, பின்னர் அதை எண்ணி வருந்துவது ஆகியவை வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதங்கள் தொடர்ந்தால் மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. வாரம் ஒரு முறை என்ற அந்த அளவையும் சீட் டேயின் இடைவெளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட் டே வைத்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; நள்ளிரவு அவர்களுக்கு அது இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இருப்பவர்களுக்கு அந்த நாள் மிக வசதியான ஒரு போர்வையாக இருக்கிறது. சாப்பிடுவதை நிறுத்த முடியாமல் போகிறது, அல்லது மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டத் தோன்றுகிறது என்றால், சீட் டேயை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கைக்குறிப்பு

ஓரத்தில் அவர்களுக்கு நன்றி. அவர் சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர், மாணவியரில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கம் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதுதானே இயல்பு. கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். "இன்றைக்குக் கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன" என்ற எண்ணம் பசியையும் நிறைவையும் மிஞ்சிவிடுகிறது. ஒரு முழு நாளையே விலக்காக அறிவிப்பதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான். ஒரு வேளை உணவுக்கு முடிவு உண்டு. தட்டு காலியானதும் அது முடிந்துவிடும். ஒரு நாளுக்கு முடிவு நள்ளிரவில்தான்.

நள்ளிரவு

எனக்குச் சார்பான சான்றுகளையும் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

2020இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் உடல்நலம் மிக்க 14 இளைஞர்களுக்கு ஒரு நாள் நிறைவாக உணரும் வரையிலும், வேறொரு நாள் இனி ஒரு வாய்கூட முடியாது என்னும் வரையிலும் பீட்சா கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஏறத்தாழ இரு மடங்கு சாப்பிட்டார்கள். இருந்தும் இரத்தச் சர்க்கரை, நிறைவாகச் சாப்பிட்ட நாளில் இருந்ததைவிட உயரவில்லை; இன்சுலின் கூடுதலாகச் சுரந்து அதைச் சமாளித்தது. ஆரோக்கியமான உடல் எப்போதாவது வரும் விருந்தைத் தாங்கும் வலுவுடையது.

2016இல் நுகர்வோர் உளவியல் இதழ் ஒன்றில் வெளியான மற்றோர் ஆய்வில், முன்கூட்டியே திட்டமிட்டு இடையிடையே விலகியவர்கள், விலகாமல் கடைப்பிடித்தவர்களுக்கு இணையாகவே எடை குறைத்தார்கள். ஊக்கமும் தன்னடக்கமும் அவர்களிடம் கூடுதலாக நிலைத்திருந்தன. திட்டமிட்ட விலக்கு கட்டுப்பாட்டின் எதிரி என்று எப்படிச் சொல்ல முடியும்?

தராசு

அந்த 2016 ஆய்வில் இரண்டு வாரங்கள் உண்மையாகவே உணவைக் குறைத்த பகுதியின் எண்களைப் பாருங்கள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 1500 கலோரி. மற்றவர்களுக்கு ஆறு நாள்கள் 1300, ஏழாம் நாள் 2700. கூட்டினால் இரண்டுமே வாரத்துக்கு 10,500. எடைக்குறைவு ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. அந்த ஆய்வு உங்கள் பக்கம்தான் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பேசுவது 2700 என்ற வரம்புள்ள ஏழாம் நாளைப் பற்றி. இழையைத் தொடங்கியவரின் ஏழாம் நாளுக்கு வரம்பே இல்லை.

பீட்சா ஆய்வு ஒரே ஒரு வேளை உணவைப் பற்றியது. வாரந்தோறும் மாதக்கணக்கில் அப்படிச் சாப்பிடுவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மருந்துப்பெட்டி

செவிலியராக இருக்கிறேன். இழையைத் தொடங்கியவருக்கு நோய் இல்லை என்றாலும், இதைப் படிக்கும் எல்லோருக்கும் அப்படி இருக்காது என்பதால் ஒரு குறிப்பு.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களும் ஒரு நாள் மிகையாகச் சாப்பிடுவதாலும் பாதிக்கப்படலாம். அந்த விருந்துக்காகக் காலையில் பட்டினி கிடப்பது அதைவிட ஆபத்தானது, சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உப்பு மிகுந்த ஒரு நாளே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும் அளவுக்கு நீரைச் சேர்த்துவிடலாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியமும், கீல்வாதம் எனப்படும் கௌட் உள்ளவர்களுக்கு மதுவும் இறைச்சியும் அப்படியே. வேகமாக எடை குறைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுதல். எண்ணெய் மிகுந்த உணவுக்குப் பின் வலப்பக்க மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் அசீரணம் என்று விட்டுவிடக் கூடாது. கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு விலக்கு நாள் என்பதே கிடையாது, ஒரு துண்டு ரொட்டிகூட.

வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவில், அதாவது மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவில், வைக்கப்பட்டிருக்கும் குழந்தைகளுக்கும் அதே விதிதான். எடைக்காகக் கீட்டோவில் இருப்பவர்கள் மாவுச்சத்து மிகுந்த ஒரு நாளுக்குப் பின், கொழுப்பையே முதன்மை எரிபொருளாகக் கொள்ளும் பழைய நிலைக்குத் திரும்பச் சில நாள்கள் ஆகும். வாரம் ஒரு முறை என்றால் வாரத்தின் பெரும்பகுதி போவதும் வருவதுமாகவே கழியும்.

படிக்கட்டு

எல்லோருடைய கருத்துகளையும் படித்த பின், ஏழாம் நாள் உணவில் எதையும் மாற்றாமல், அதை எழுத மட்டும் செய்தேன். விளைவு நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. நான் ஆசையோடு காத்திருப்பது இரவு உணவுக்காக. அது 1400 கலோரிக்குள் அடங்கிவிட்டது. காலையில் "இன்றைக்குத்தான் கணக்கில்லையே" என்று சர்க்கரை போட்டுக் குடித்த இரண்டு காபி, நண்பகலில் பிறர் வாங்கியதால் நானும் வாங்கிய குளிர்பானம், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தீர்த்த ஒரு பெரிய சிப்ஸ் பொட்டலம், இரவு உணவுக்குப் பிறகு பாதிக்கு மேல் போன ஐஸ்கிரீம் டப்பா ஆகியவற்றோடு காலை, மதிய உணவையும் சேர்த்தால் 3000ஐத் தாண்டியது. அவற்றில் ஐஸ்கிரீமைத் தவிர எதையும் நான் அந்த வாரம் முழுவதும் ஒருமுறைகூட நினைத்து ஏங்கவில்லை.

ஆறு நாள்களின் பற்றாக்குறையையும் கூட்டினேன். கைக்குறிப்பு அவர்கள் சொன்ன 900க்கு மிக அருகில் இருந்தது. செயலியில் எடையைக் குறைக்கும் வேகத்தை "மிக வேகம்" என்று நான் தேர்ந்தெடுத்திருந்ததன் பயன். தராசு அவர்களின் மாதிரி மனிதரைவிட என் ஆறு நாள்கள் கடுமை, அப்படியிருந்தும் எடை நிற்கிறது என்றால் அந்த ஆறு நாள்களிலும் எழுதாமல் விட்டவை இருக்கும் என்று இப்போது ஐயப்படுகிறேன். அந்த ஒரு இரவு உணவையும் ஐஸ்கிரீமையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஆறு நாள்களை எவ்வளவு தளர்த்துவது?

கைக்குறிப்பு

உங்கள் ஐயம் சரியானதே. கடுமையான பற்றாக்குறையில் இருப்பவர்கள் சமைக்கும்போது ருசி பார்த்ததையும், குழந்தை மீதம் வைத்ததையும் எழுதுவதில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல, அதைச் சாப்பிட்டதாகவே மனம் பதிவு செய்வதில்லை.

ஆறு நாள்களிலும் நாளுக்கு 350 முதல் 400 கலோரி வரை கூட்டிவிடுங்கள். அதில் ஒரு பகுதி புரதமாக இருக்கட்டும், பசி தணிப்பதில் அதற்கு ஈடு குறைவு. அந்தக் கூடுதலில் வாரத்தின் நடுவில் ஒரு சிறு இனிப்புக்கும் இடம் இருக்கும். ஏழாம் நாள் காலையும் மதியமும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். இரவு விருந்துக்காக வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போவதுதான் நான் கண்டவற்றில் மிகப் பரவலான பிழை. அப்படிப் போனவர் பரிமாறுவதற்கு முன்பே ரொட்டிக் கூடையைக் காலி செய்துவிடுவார். ஐஸ்கிரீமைப் பெரிய டப்பாவாக வீட்டில் வைக்காமல், வெளியே போய் ஒரு கிண்ணம் சாப்பிட்டு வாருங்கள். விருந்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள். அல்லது தினமும் பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

நீங்கள் இந்தக் கட்டுப்பாட்டை வெகு காலமாகத் தொடர்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமன் உள்ள ஆண்கள் இரு பிரிவாக மொத்தம் 16 வாரங்கள் உணவைக் குறைத்தார்கள். தொடர்ந்து குறைத்தவர்கள் சராசரியாக 9 கிலோவும், இரண்டு வாரம் குறைத்து இரண்டு வாரம் செலவுக்கு ஈடாகச் சாப்பிட்டவர்கள் 14 கிலோவும் இழந்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு முழுவதையும் முடிக்க 30 வாரங்கள் ஆயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடலுக்கு ஓய்வு கொடுப்பதில் பொருள் இருக்கிறது. அந்த ஓய்வு வாரக்கணக்கில், செலவுக்கு ஈடான அளவில் இருக்கும்போது. நீங்களும் அடுத்த இரண்டு வாரங்களை அப்படிக் கழித்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம்.

நள்ளிரவு

2700 என்ற எண்ணைப் பார்த்ததும் என் சனிக்கிழமையை நானும் கூட்டிப் பார்த்தேன். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் என் நிலை வேறு என்பதையும் சொல்ல வேண்டும்: நான் குறைக்க நினைத்த எடையைக் குறைத்து முடித்துவிட்டேன், இப்போது அதைத் தக்கவைக்கும் கட்டத்தில் இருக்கிறேன். எடை கூடாதவரை என் சனிக்கிழமையை விடுவதாக இல்லை.

கைக்குறிப்பு

விட வேண்டியதில்லை. தக்கவைக்கும் கட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு தகவல் சொல்கிறேன். அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்கள் இடம்பெறுகிறார்கள். அவர்களைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், வாரம் முழுவதும் ஒரே சீராகச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள், வார நாள்களில் இறுக்கமாகவும் விடுமுறை நாள்களில் தளர்வாகவும் இருந்தவர்களைவிட, அடுத்த ஓராண்டில் எடையைச் சுமார் இரண்டேகால் கிலோவுக்குள் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு கூடுதலாக இருந்தது. அவர்களாகவே சொன்ன விவரம் என்பதால் சீரான உணவுதான் காரணம் என்று இதிலிருந்து அறுதியிட முடியாது. சீரான இயல்புடையவர்கள் எடையையும் சீராக வைத்திருக்கலாம். மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவை அளந்து குறித்துவையுங்கள். அது ஏறாதவரை உங்கள் சனிக்கிழமையில் நான் குறுக்கிடப் போவதில்லை.